வலி மருந்து என்று சொல்லி வைத்தேன்

"பச்சப் பிள்ளைக்கு இது எப்படிட்டி வந்துச்சு?"

என் மாமியார் இதைக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. பதில் எனக்குத் தெரியும். மதுரையில் ஒரு டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் அதை என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மாறி மாறி யோசித்து, இப்போது முகம் தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. பி.காம். படித்திருக்கிறேன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. தீப்பெட்டி செய்யும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். கணவருக்கு விளாத்திகுளம் ரோட்டில் விதை, உரம், பூச்சி மருந்துக் கடை. ஒரே மகள் ஹரிணி, ஆறு வயது. மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவரும் எங்களோடுதான் இருக்கிறார். நான் வேலை முடிந்து வர ஆறரை மணி ஆகும். பள்ளிக்கூட வேனில் இருந்து இறங்கும் பிள்ளைக்கு அதுவரை எல்லாமே அத்தைதான்.

ஹரிணி பிறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு மாதவிலக்கு நாட்களில் தாங்க முடியாத வலி வரத் தொடங்கியது. ஸ்கேனில் சாக்லேட் கட்டி என்றார்கள். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியே போய் சினைப்பையிலும் குடல் மேலும் ஒட்டி வளர்கிறது. மாதாமாதம் அங்கேயே இரத்தம் கசிந்து, வெளியேற வழியில்லாமல் பழுப்பு நிறத்தில் கெட்டிப்பட்டுக் கட்டியாகிறது. ஒரு முறை வயிற்றில் துளை போட்டு எடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் மறுபடி வந்தது, இந்த முறை இரண்டு பக்கமும். திருநெல்வேலியில் பார்த்த பெண் டாக்டர் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்றார்.

அறுவைக்கு முந்தைய நாள் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்த இடத்தில் பக்கத்தில் கயத்தாற்றுக்காரப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பையை மட்டும் எடுக்காவளா, முட்டைப் பையும் சேத்தா?"

"எல்லாம்தான்க்கா."

"ஐயய்யோ, சின்ன வயசா இருக்கீயளே. முட்டைப் பையை விட்டுரச் சொல்லுங்க தாயி. எங்க மதினிக்கு ரெண்டையும் எடுத்தாவ. ஒரு வருஷம் பூரா தண்ணித் தொட்டி பக்கத்துலயே உக்காந்து கெடந்தா, உடம்பு எரியுது எரியுதுன்னு."

அவர் கணவர் திரும்பி, "ஏட்டி, ஆபரேஷனுக்குப் போறவகிட்ட பேசுத பேச்சா இது? வாய மூடிட்டு சும்மா இரு" என்றார்.

"நான் உள்ளதைத்தான சொல்லுதேன்."

நான் டாக்டரிடம் போய் மறுபடி கேட்டேன். ஒன்றையாவது விட முடியாதா என்று. இரண்டுமே கட்டியோடு ஒட்டிப் போயிருக்கின்றன, விட்டால் மூன்றாவது முறையும் இதே மேஜையில் படுக்க வேண்டியிருக்கும் என்றார். கையெழுத்துப் போட்டேன். இன்றும் சில நாள் அந்தக் கையெழுத்தை நினைத்துக்கொள்கிறேன். இன்னொரு டாக்டரிடம் கேட்டிருக்கலாமோ?

மற்றப் பெண்களுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எனக்கு ஒரே மதியத்தில் நின்றுபோனது. மூன்றாம் நாள் காலை மார்பில் இருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, முகம், தலை என்று ஏறியது. இரண்டு நிமிடத்தில் தலையணை நனைந்தது. காய்ச்சல் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லக்கா, இது அதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை ஒன்பது நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசனையே ஆகாதவர். அவருடைய தங்கை மார்பகப் புற்றுநோய் வந்து, இதேபோல ஒரு வார்டில் இறந்தவர். சூடு வரும்போதெல்லாம் என் ஸ்கேன் கவரை எடுத்து விசிறுவார். "படம் கெட்டுப்போகும் அத்தை" என்றால், "அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே, இனி இந்தப் படத்த வச்சு என்ன பண்ணப் போற" என்பார். தையல் வலியோடு சிரித்தேன். அந்த வார்டில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். சினைப்பை சுரந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜனை வெளியில் இருந்து கொடுப்பது அது. "சூட்டுக்காக மட்டும் தாரதில்ல இது. இந்த வயசுல அது இல்லாட்டி எலும்பு சீக்கிரம் மெலியும், இதயத்துக்கும் நல்லதில்ல. இயற்கையா நிக்கிற வயசு வரைக்கும், ஐம்பது வரைக்கும்னு வச்சுக்கோங்க, எடுக்கணும்" என்றார். மிச்சம் ஒட்டிக்கிடக்கும் சவ்வு மறுபடி விழித்துக்கொள்ளாமல் இருக்க இன்னொரு சிறு மாத்திரையும் சேர்த்தார்.

அத்தை அறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஏறியதும் தொடங்கினார்.

"அறுத்து எடுத்ததையே மாத்திரையாக்கித் திரும்ப உள்ள அனுப்புதாவளா? என் தங்கச்சிக்கும் ஏதோ ஹார்மோன்னுதான் கொடுத்தாவ. அதுக்குப் பொறவுதான் அவளுக்கு மாருல புத்து வந்துச்சு. நீ அதத் தொடாத. பிள்ளை இருக்கு உனக்கு."

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேன். வயதான பிறகு புதிதாக எடுப்பவர்களின் கணக்கு வேறு, இந்த வயதில் உன் உடம்பு தானாகச் சுரந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார். அத்தையிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாத்திரையை மட்டும் ஒளித்துச் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் சூடு அடங்கியிருந்தது. பிறகு ஒரு நாள் ஆபீஸில் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் வெளிச்சம் கோணல் மாணலாக வெட்டியது. எழுத்து பாதி மறைந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பக்கத் தலையைப் பிளக்கும் வலி. இரண்டாவது முறையும் அப்படி வந்ததும் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வாய் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் இரத்தம் உறைய வாய்ப்பு கூடுதலாம். கண்ணில் வெளிச்சம் வெட்டும் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஆகாதாம். தோல் வழியாகக் கொடுத்தால் அந்த ஆபத்து குறைவு.

முதலில் தோலில் ஒட்டும் பட்டை. இடுப்புக்குக் கீழே ஒட்டி, வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும். கோவில்பட்டியில் கிடைக்கவில்லை, மதுரையில் சொல்லி வைத்து வாங்கினோம். இந்த ஊர் மாசி வெயிலில் எதுதான் தோலில் ஒட்டி நிற்கும்? ஒன்று சேலையோடு போனது, ஒன்று குளியலறையில் கிடந்தது. ஒரு நாள் காலை அது ஹரிணியின் பாவாடையில் ஒட்டியிருந்தது. பதறிப் போய்ப் பட்டையை நிறுத்தினேன். அப்போதே எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. அதனால்தான் பிறகு நடந்ததை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை.

பங்குனியில் ஜெல்லுக்கு மாறினோம். டியூபில் இருந்து பிதுக்கி, தினமும் ஒரு வேளை, கையில் தோளில் இருந்து முழங்கை வரை பூச வேண்டும். நிறமில்லை, வாசனையில்லை, பூசினால் சில்லென்று இருந்து காய்ந்துவிடும். பூசிய இடத்தில் பிள்ளை படக் கூடாது, கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். முழுக்கை நைட்டி வாங்கினேன். ஹரிணியைப் பூசாத கைப் பக்கம் படுக்க வைத்தேன். "அம்மா, இந்தப் பக்கம் வாரேன்" என்று வந்தால் நகர்த்திவிடுவேன்.

ஜெல் எனக்குச் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. காலையில் இறுகிக் கிடந்த விரல்கள் மடங்கின. கணவர் பக்கத்தில் வந்தால் விறைத்துப் போகாமல் இருந்தேன்.

ஆனால் டியூபை அத்தை பார்த்துவிட்டார்.

"இது என்ன மருந்துட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "கை வலிக்கும்மா. ஆபீஸ்ல நாள் பூரா டைப் அடிக்கால்லா."

நானும் தலையாட்டினேன். பிறகு தனியாகக் கேட்டதற்கு, "வலி மருந்துன்னே இருக்கட்டும். சித்தி கதையை எடுத்தா ஒரு வாரம் வீடு வீடா இருக்காது" என்றார். ஒளித்து வைத்தால் சந்தேகம் வரும் என்று நான்தான் அந்த டியூபை எல்லா மருந்தும் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில், தலைவலித் தைலத்துக்கும் இருமல் மருந்துக்கும் நடுவில் வைத்தேன். அந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. ஹரிணிக்குப் புது விளையாட்டு டீச்சர் வந்து, மாலையில் ஓட விட்டார். கால் வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நான் வீட்டுக்கு வரும்போது வலி போயிருக்கும். ஆச்சி தேய்த்துவிட்டது என்பாள், அத்தையை அவள் கூப்பிடுவது அப்படித்தான். எண்ணெய் என்று நினைத்தேன். என்ன தேய்த்தீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. டியூப் சீக்கிரம் தீர்ந்தது. நான்தான் அளவு தெரியாமல் அதிகம் பிதுக்குகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு அடுத்ததை வாங்கினேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிணியைக் குளிப்பாட்டும்போது, "இங்கன தொட்டா வலிக்கும்மா" என்றாள். ஒரு பக்கம் மார்புக் காம்புக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. ஒரு வாரத்தில் அடுத்த பக்கமும் வந்தது. எனக்கு முதலில் தோன்றியது கட்டி என்ற சொல்தான். என் வயிற்றில் இருந்தது பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று குளியலறையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தைக்கு வந்த பயம் வேறு. "இன்னும் பல்லு விழுந்து முளைக்கல. அதுக்குள்ள பெரிய மனுசி ஆயிருவாளோ?" என்று வாசல் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். நான் முதல் வரியில் எழுதிய கேள்வியும் அன்றுதான் வந்தது.

மதுரையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் ஒருவரைச் சொன்னார்கள். மூன்று நாள் அலைந்தோம். இரத்தம், வயிற்று ஸ்கேன், இடது கை மணிக்கட்டில் ஒரு எக்ஸ்ரே. எலும்பைப் பார்த்தால் உடம்பு வயதைவிட முந்தி ஓடுகிறதா என்று தெரியுமாம். கூடம் முழுவதும் பிள்ளைகள். ஊசி போட்ட கையை மடக்காமல் நீட்டிக்கொண்டு ஹரிணி என்னிடம், "எனக்கும் உன்ன மாதிரி ஆபரேஷனாம்மா?" என்றாள். இல்லை என்று சொன்னேன். உறுதியாகத் தெரிந்து சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அறைக்குள் பிள்ளையோடு ஒருவர்தான் போகலாம் என்றதால் அத்தை கூடத்தில் இருந்தார். டாக்டர் காகிதங்களைப் பார்த்தார். வயதுக்கு வர வேண்டுமானால் மூளையில் இருந்து ஒரு உத்தரவு இறங்க வேண்டும், இவளுக்கு அந்த உத்தரவு இறங்கவில்லை, ஆனால் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கூடியிருக்கிறது, அப்படியானால் அது வெளியில் இருந்து வருகிறது என்றார்.

"வீட்டுல யாராவது ஹார்மோன் மருந்து பூசுறீங்களா?"

"நான் பூசுதேன் சார். ஆனா பிள்ளை மேல பட விட்டதே இல்ல. முழுக்கைதான் போடுதேன். தள்ளித்தான் படுக்க வைக்கேன்."

ஹரிணி என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள்.

"எனக்கும் ஆச்சி போடுமே. அம்மா மருந்து. முட்டியில, தொடையில. தைலம் எரியும்லா, இது எரியாது. சில்லுன்னு இருக்கும்."

டாக்டர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, எலும்பு இன்னும் முந்தி ஓடவில்லை, இன்றோடு நிறுத்தினால் கட்டி சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடும், ஆனால் கூடவே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். "உங்க மாமியாருக்கு இது என்ன மருந்துன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வெளியே அத்தை பிள்ளையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்னட்டி சொன்னாவ?"

"ஒண்ணுமில்ல அத்தை. தானா சரியாயிருமாம்."

"எதனாலன்னு சொன்னாவளா?"

"சில பிள்ளைகளுக்கு இப்படி வருமாம்."

அன்றோடு ஜெல்லை நிறுத்தினேன். டியூபை ஆபீஸுக்கு எடுத்துப் போய்க் குப்பையில் போட்டேன். ஹரிணியின் கட்டி இப்போது பாதி சுருங்கியிருக்கிறது, வலியும் இல்லை. என் உடம்பு மறுபடி பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஒரு நாளில் எத்தனை தடவை சூடு வருகிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகிறது. கணவரிடம் தள்ளிப் படுக்கச் சொல்கிறேன். உள்ளே வைக்கும் கிரீம் ஒன்று தந்தார்கள். வறட்சிக்கு அது உதவும், எலும்புக்கு உதவாது. கார்த்திகையில் எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் எடுத்ததில் இடுப்பெலும்பு இப்போதே மெலியத் தொடங்கியிருக்கிறது.

திருநெல்வேலி டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கு மாத்திரை ஆகாது, பட்டை நிக்கல. ஜெல்தான் வழி. தொடையில பூசுங்க, மேல துணி இருக்கட்டும், டியூபைப் பூட்டி வைங்க. ஆனா வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் இது என்ன மருந்துன்னு தெரிஞ்சிருக்கணும். அது தெரியாம நான் எழுதித் தர மாட்டேன். தை மாசம் வாங்க" என்றார்.

கணவரிடம் சொன்னேன். அவர் தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டார். "எங்கம்மாவைக் கொல்லப் போறியா? தன் கையாலதான் பிள்ளைக்கு இது வந்துச்சுன்னு தெரிஞ்சா அது சோறு திங்குமா?"

அத்தை இப்போதே சரியாகச் சாப்பிடுவதில்லை. பதில் கிடைக்காத கேள்விக்கு அவரே ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டார். பிராய்லர் கோழி. "ஊசி போட்டு வளத்த கோழிய நான்தான ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாங்கிப் போட்டேன். என் நாக்கு ருசிக்குப் பிள்ளையக் கெடுத்துட்டேன்." செவ்வாய்க்கிழமைகளில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கிறார். ஹரிணிக்கு முட்டையும் பாக்கெட் பாலும் நிறுத்திவிட்டார். மகனையும் விடுவதில்லை: "ஊரு காட்டுக்கெல்லாம் மருந்து விக்கேல்லா, அது வீட்டுல வந்து விடிஞ்சிருக்கு." கணவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்துக் கடைக்குப் போய்விடுவார். பிள்ளை முட்டை கேட்டு அழும்போது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், முட்டை வந்துவிடும். அந்த ஒரு வாக்கியம் வருவதில்லை.

போன சனிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழையும்போது ஹரிணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விளையாட்டு விழாவுக்கு ஓடிப் பழகிய கால். அத்தை எதிரே உட்கார்ந்து ஒரு டியூபின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். புது டியூப். அதே மருந்து.

நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். பாய்ந்து பிடுங்கினேன். அவர் விரலில் நகம் பட்டு இரத்தம் வந்தது. மூடி இன்னும் திறக்கவில்லை. பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

அத்தை விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பழைய அட்டை டப்பாவை எடுத்து வச்சிருந்தேன். மெடிக்கல்ல காட்டி, மருதைல இருந்து வரவழைச்சு வாங்கியாந்தேன். நீதான கை கால் குடையுதுன்னு கெடக்க. முன்னால இது போட்டப்ப நல்லாத்தான இருந்த. உனக்குத்தான் வாங்குனேன். பிள்ளைக்கு ஒரு பொட்டுப் போட்டா உனக்குக் குறைஞ்சா போவுது?"

நான் டியூபை என் கைப்பையில் போட்டு மூடினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. மகனிடம் சொன்னாராம்: "ஒரு வலி மருந்தைக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்க மனசில்ல, உன் பொண்டாட்டிக்கு."

அந்த டியூப் இப்போது என் ஆபீஸ் மேஜை டிராயரில், பூட்டிக் கிடக்கிறது. நான் அதைப் பூசவில்லை. பூசாமல் இன்னும் பதினேழு வருடம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. பூச வேண்டுமானால் அத்தையிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இன்னொரு நாள் நான் ஆறரை மணிக்கு வருவதற்குள் இன்னொரு டியூப் வீட்டுக்கு வந்துவிடலாம். சொன்னால் அவர் தன் கையை என்ன நினைப்பார்? என் பொய்தான் காரணம் என்று ஆயிரம் முறை சொல்லலாம். தேய்த்துவிட்டது அவர் கை என்பது அவருக்கு மறக்குமா?

தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்னைப் போல சின்ன வயதில் சினைப்பையை எடுத்துவிட்டு, இந்த மருந்தோடு பிள்ளைகளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். எங்கே பூசினீர்கள், எங்கே வைத்தீர்கள், எத்தனை மணிக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கினீர்கள்? வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இதை எந்தச் சொல்லில் சொன்னீர்கள்? தெரியாமல் செய்த ஒருவரிடம், அவர் உடைந்து போகாதபடி உண்மையைச் சொன்ன யாராவது இருந்தால், முதல் வாக்கியம் என்னவென்று மட்டுமாவது எனக்கு எழுதுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.